கோபத்தில் முருகா, நஷ்டத்தில் கோவிந்தா: இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: கரிசல்மண்

எங்கள் ஆபீசில் சர்வர் படுத்துவிட்டால் போதும், அந்த நிமிஷமே எல்லா மதத்துச் சாமியும் ஆஜர். கோயம்புத்தூர்க்காரர் ‘மருதமலை முருகா’ என்று நாற்காலியைப் பின்னால் தள்ளுவார், மதுரைப் பெண் ‘ஆத்தீ’ என்பாள், கணக்குப் பிரிவில் இருக்கும் நாகர்கோவில் அக்கா ‘ஏசப்பா’, ஸ்டோர் பாய் ‘யா அல்லாஹ்’. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்குத் தாத்தா காலத்திலேயே கறுப்புச் சட்டை வந்துவிட்டது, சாமி படம் மாட்ட சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. ஆனாலும் சுண்டுவிரல் கட்டில் காலில் இடித்தால் வாயில் வருவது ‘முருகா’தான். தாத்தாவே கரண்ட் பில் பார்த்தால் ‘அட கடவுளே’ என்பார், யாராவது சிரித்தால் முறைப்பார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்த வார்த்தைகள் எல்லாம் வேண்டுதலாகத் தொடங்கி எப்படி வெறும் சத்தமாக ஆகின? குறிப்பாக இந்தக் ‘கோவிந்தா’. திருப்பதியில் அது பக்தி, ஆனால் சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிப்போனால் ‘பணம் கோவிந்தா’. ஒரே சொல் எப்படி இரண்டு வேலையும் செய்கிறது? அப்புறம், ‘ஐயோ’ என்பது எமனின் மனைவி பெயர், அதைச் சொன்னால் ‘யார் என் பெண்டாட்டியைக் கூப்பிட்டது’ என்று எமனே வந்துவிடுவான் என்று ஆச்சி ஒருத்தி பயமுறுத்துவாள், அதில் ஏதாவது உண்டா? இன்னொன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாகர்கோவில் அக்கா சொல்கிறார், ஆண்டவர் பெயரைச் சும்மா சொல்வது பாவம் என்று. எங்கள் அம்மாச்சியோ கொட்டாவி விட்டால்கூட ‘சிவ சிவா’ சொல்லச் சொல்வாள். இதில் எது சரி?

தேடினால் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள்தான் கிடைக்கின்றன. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: செஞ்சிப்பக்கம்

கோவிந்தாவுக்கு மட்டும் நான் வருகிறேன் தோழர், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கம், அதாவது செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை வட்டாரத்தில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. அங்கே பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதம் படிப்பு, ராத்திரி கூத்து, கடைசியில் தீமிதி. துகில் உரியும் கூத்து நடக்கிற ராத்திரி ஒரு தடவை வந்து பாருங்கள். துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைக்கப் போவதற்கு முன்னால் தானே அம்மனுக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுக்கொள்வார், தப்பு நினைக்காதே தாயே என்று. அப்புறம் திரௌபதி முதலில் புருஷன்மார்களைக் கூப்பிடுவாள், பெரியவர்களைக் கூப்பிடுவாள், ஒருத்தரும் அசைய மாட்டார்கள். ஒரு கையால் சேலையைப் பிடித்திருந்தவள் அதையும் விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கி ‘கோவிந்தா’ என்பாள். அந்த இடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிற சனம் மொத்தமும் சேர்ந்து ‘கோவிந்தா... கோவிந்தா’ என்று குரல் கொடுக்கும். தீ மிதிக்கும்போதும் அதே குரல்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இனி என் கையில் ஒன்றும் இல்லை, எல்லா வழியும் அடைத்துவிட்டது என்கிற நேரத்தில் சொல்கிற சொல் அது. பெருமாள் கும்பிடுகிற வீடுகளில் பிணம் எடுக்கும்போதும் தெரு முழுக்க ‘கோவிந்தா கோவிந்தா’தான், சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டால் கதவிடுக்கில் ஒளிந்துகொள்வோம். திருமலையில் உண்டியலில் காசு போடும்போதும் அதேதான், போட்ட காசு போட்டதுதான், திரும்ப வராது. பாரதத்தில் கைவிரித்தது, சாவில் போய்விட்டது, உண்டியலில் திரும்பி வராதது, மூன்றுக்கும் ஒரே குரல். ஆக சீட்டுப் பணத்துக்கும் அதே குரல் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இதில் ஏதோ ஒன்றுதான் மூலம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், பேச்சு அப்படி ஒரே வாய்க்காலில் வருவதில்லை.

‘நாமம் போட்டுட்டான்’, ‘மொட்டை அடிச்சுட்டான்’ இரண்டும் இதே பஸ்ஸில் வந்தவைதான். திருப்பதி போய்வந்தவனைப் பார்த்தாலே தெரியும், தலையில் முடி இருக்காது, நெற்றியில் நாமம் இருக்கும், மடியில் காசு இருக்காது. கேலி பேசுகிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்.

பதில்: ஓலைச்சுவடி

ஐயோவுக்கும் எமன் வீட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிள்ளைகள் சும்மா சும்மா ‘ஐயோ ஐயோ’ என்று கத்தாமல் இருக்கப் பெரியவர்கள் கட்டிய கதை, அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்.

சொல் எவ்வளவு பழையது என்றால், புறநானூற்றிலேயே இருக்கிறது. 255-ஆம் பாட்டு, வன்பரணர் பாடியது. காட்டு வழியில் புருஷன் சண்டையில் செத்துக் கிடக்கிறான். பக்கத்தில் மனைவி மட்டும். அவள் சொல்கிறாள், ‘ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே’. ஐயோ என்று வாய்விட்டு அழலாம், ஆனால் சத்தம் கேட்டுப் புலி வந்துவிடுமோ என்று பயம். சரி, தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போகலாம் என்றால் உன் மார்பு அகலம், என்னால் தூக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வா, என் கையைப் பிடித்துக்கொள் என்று பிணத்திடம் கேட்கிறாள். ஐயோ என்று சொல்லக்கூட முடியாத இடத்தில் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார் பாருங்கள். அங்கே வரப்போவது புலி, எமன் இல்லை.

அடுத்து, ஐயோ துக்கத்துக்கு மட்டும் உரியது என்பதும் தப்பு. திருப்பாணாழ்வார் திருவரங்கத்துப் பெருமாளைப் பார்த்துப் பாடியவை மொத்தமே பத்துப் பாட்டு, அதில் இரண்டு இடத்தில் ஐயோ வருகிறது. ‘செய்யவாய் ஐயோ என்னைச் சிந்தை கவர்ந்ததுவே’ ஒன்று, ‘நீலமேனி ஐயோ நிறைகொண்டது என் நெஞ்சினையே’ இன்னொன்று. கம்பர் ராமன் காட்டுக்குப் போகிற இடத்தில் மையோ, மரகதமோ, மறிகடலோ, மழைமுகிலோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, எதுவும் சரிப்படாமல் ‘ஐயோ இவன் வடிவு’ என்று கையை விரித்துவிடுகிறார். இன்றைக்குக் குழந்தையைப் பார்த்து ‘ஐயோ, எவ்வளவு அழகு’ என்கிறோமே, அதேதான்.

மூலம் என்ன? ‘ஐ’ என்றால் தலைவன், ஐயன் அதிலிருந்து வந்தது. தொல்காப்பியம் ‘ஐ வியப்பாகும்’ என்றும் சொல்கிறது. தலைவனைக் கூப்பிட்டதா, வியப்பில் வந்த ஒலியா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஐயனைக் கூப்பிடுவது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் வலி வந்தால் நாம் கூப்பிடுகிற மற்ற எல்லாமே ஆள்தான். அம்மா, அப்பா, அப்பப்பா, அம்மாடி, ஆத்தாடி. மதுரைப் பெண் சொல்லும் ‘ஆத்தீ’யும் அதே கணக்கு. ஆத்தா என்றால் பெற்றவளும்தான், மாரியாத்தாவும்தான், கூப்பிடுகிறவளுக்கே எந்த ஆத்தா என்று தெரியாது, தெரியவும் வேண்டாம்.

2016-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் ஐயோ ஏறிவிட்டது. எமன் மனைவி இங்கிலாந்து போய்விட்டாள் என்று உங்கள் ஆச்சியிடம் சொல்லுங்கள்.

பதில்: வெட்டிப்பேச்சு

‘சிவனேன்னு இரு’ என்பதை விட்டுவிட்டீர்களே. சும்மா கிட என்பதற்கு சிவனை ஏன் இழுத்தார்கள்? மனுஷன் சுடுகாட்டில் நடனம் ஆடுகிறவர்!

பதில்: ஓலைச்சுவடி

@வெட்டிப்பேச்சு ஆடுகிறவரும் அவர்தான், கல்லால மரத்தடியில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிற தட்சிணாமூர்த்தியும் அவர்தான். வேறு எதிலும் தலையிடாமல் சிவனே என்று அவன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு கிட என்பதுதான் தொடக்கம். வைணவ வீடுகளில் இதே வேலையை ‘ராமா கிருஷ்ணான்னு கிட’ செய்யும், பெரும்பாலும் மருமகள்கள் மாமியாரைப் பற்றிச் சொல்வது. ‘தேமேன்னு இருக்கான்’ என்கிறோமே, அதையும் ‘தெய்வமே என்று’ என்பதன் தேய்வு என்று சொல்வார்கள்.

பதில்: முத்துக்குளித்துறை

பாவம் என்று சொன்ன அக்கா பற்றிப் பேச வேண்டும். நான் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், அதனால் உள்ளே இருந்து சொல்கிறேன்.

பத்துக் கட்டளையில் ஒன்று இது. ‘உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’, யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம். ஐரோப்பாவில் இதை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், இங்கிலாந்தில் 1606-ல் ஒரு சட்டமே போட்டார்கள், நாடக மேடையில் கடவுள் பெயரையோ கிறிஸ்துவின் பெயரையோ விளையாட்டாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம். அந்தக் காலத்து 10 பவுண்டு பெரிய பணம். அதனால்தான் இங்கிலீஷ்காரர்கள் பெயரைத் திரித்துச் சொல்வார்கள், காட் என்பதைக் ‘காஷ்’ என்றும் ஜீசஸ் என்பதை ‘ஜீ’ என்றும். வாயும் அடங்கவில்லை, கட்டளையும் மீறவில்லை.

ஆனால் எங்கள் ஊருக்கு வந்தால் கதை வேறு. 1530-களில் பரதவர்கள் ஞானஸ்நானம் வாங்கினார்கள், 1542-ல் சவேரியார் (பிரான்சிஸ் சேவியர்) வந்தார், தமிழில் ஜெபங்களை எழுதி வாங்கிக்கொண்டு தெருவில் மணி அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்ய வைத்தார். ஆக எங்கள் சனத்துக்குச் சாமி பெயர் முதலில் வந்து சேர்ந்தது வாய்வழியாக, அதுவும் போர்த்துகீசிய வாய்வழியாக. அதனால்தான் பழைய ஆட்களுக்கு ‘சேசு’, யோசேப்பு கிடையாது ‘சூசை’, மரியா கிடையாது ‘மரி’. எங்கள் பாட்டி தவறி விழுந்தால் ‘சேசு மரி சூசை’ என்று மூன்று பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாள். அது சும்மா வந்ததில்லை, சாகக் கிடக்கிறவர்கள் காதில் சொல்கிற ஜெபம் அது. இந்தப் பெயர்கள் வாயில் இருக்கும்போதே உயிர் போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழக்குவார்கள். பழக்கிய வாய் படியில் வழுக்கினாலும் அதைத்தான் சொல்லும். கடலுக்குப் போன ஆள் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் மட்டும் ‘மாதாவே’. அந்த ‘மாதாவே’யை வீண் என்று எந்தச் சாமியாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடவுளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதிலேயே இங்கே பெரிய இழுபறி நடந்திருக்கிறது. 1578-ல் கொல்லத்தில் அச்சான புத்தகத்தின் பெயரே தம்பிரான் வணக்கம். 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் நொபிலி ‘சர்வேசுரன்’ என்றார், பாட்டி ஜெபமெல்லாம் அதில்தான். (இங்கிலாந்தில் அபராதம் போட்ட அதே வருஷம்!) பைபிளை மொழிபெயர்த்த ஜெர்மன் பாதிரியார் பாப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்று எழுதினார், 1871 பைபிளில் அது ‘தேவன்’ ஆனது, 1995-ல் கத்தோலிக்கரும் பிராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’. வேடிக்கை என்னவென்றால், சுத்தியல் விரலில் பட்டால் யாரும் ‘பராபரனே’ என்பதில்லை. ‘சர்வேசுரா’ கிழவிகளோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது ‘ஆண்டவரே’, ‘ஏசப்பா’, ‘மாதாவே’. புத்தகத்தில் வென்ற சொல் எல்லாம் வாயில் வெல்வதில்லை. ஏசப்பாவில் அந்த ‘அப்பா’ எந்த மூலமொழியிலும் கிடையாது, முருகப்பா, ஐயப்பா என்று கூப்பிட்டுப் பழகிய ஊர் அவரையும் அப்படித்தான் கூப்பிடும்.

உங்கள் அக்கா பெரும்பாலும் சி.எஸ்.ஐ. அல்லது பெந்தெகொஸ்தே. அவர்களுக்கு அந்தக் கட்டளை இன்னும் கறார். ஆனால் அவரே சர்வர் படுத்தால் ‘ஏசப்பா’ என்கிறார் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதில்: கரிசல்மண்

@முத்துக்குளித்துறை ஹா ஹா, அதை அவரிடம் கேட்டேன். ‘நான் வீணா சொல்லலை, நிஜமாவே கூப்பிட்டேன், சர்வர் வரலைன்னா மாசக் கடைசிக் கணக்கு யார் முடிக்கிறது’ என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பதில்: காயல்காற்று

எங்கள் ஊர்ப்பக்கம் இதில் ஒரு குடும்பச் சண்டையே இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

எங்கள் மூத்தம்மா (அம்மாவின் உம்மா) பதறினால் ‘யா முஹ்யித்தீனே’ என்பார். பாக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள், 1166-ல் மறைந்தவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அங்கிருந்து கேரளம், இலங்கை வரை கடல் தொழில் பார்த்த முஸ்லிம் ஊர்களில் எல்லாம் அவர்கள் பெயர் ஆபத்துக்குக் கூப்பிடுகிற பெயர். எங்கள் ஊர் சதக்கத்துல்லா அப்பா அவர்களைப் புகழ்ந்து அரபியில் பாடிய குத்பிய்யா ஓதும்போது அவர்களை ஆயிரம் தடவை பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். கப்பலில் போன ஆண்கள் மாதக்கணக்கில் வரமாட்டார்கள், வீட்டில் இருக்கிற பெண்கள் இதை ஓதிக்கொண்டு காத்திருப்பார்கள், அப்படி ஊறிய பெயர் அடுப்பில் பால் பொங்கினாலும் வாயில் வருமா வராதா?

எண்பதுகளுக்கு அப்புறம் தவ்ஹீத் (ஓரிறைக் கொள்கை) பேச்சுகள் வந்தன. அல்லாஹ் ஒருவனைத் தவிர வேறு யாரையும் உதவிக்கு அழைக்கக் கூடாது, அது ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணைவைப்பது என்று. வீட்டுக்கு வீடு விவாதம். எங்கள் உம்மா மாறிவிட்டார்கள், ‘யா அல்லாஹ்’, ‘யா ரப்பே’ என்றுதான் சொல்வார்கள், மூத்தம்மா வாயிலிருந்து ‘முஹ்யித்தீனே’ வந்தால் கண்ணாலேயே எச்சரிப்பார்கள். மூத்தம்மா அதற்கு ‘நான் அல்லாஹ்வைத்தான் கேக்கேன், அவங்க பெயரைச் சொல்லிக் கேக்கேன்’ என்பார். நம்மில் ஒரு வீட்டில் எந்தப் பெயர் முதலில் வருகிறது என்பதை வைத்தே அந்த வீடு எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறது என்று சொல்லிவிடலாம், அவ்வளவு தெளிவாகத் தெரியும். ஆக, இதெல்லாம் வெறும் சத்தம் ஆகிவிட்டது என்று கேள்வியில் எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் அதற்காக ஒரு நோன்புப் பெருநாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

வெறும் சத்தம் ஆனதும் உண்டு. ‘இன்ஷா அல்லாஹ்’ என்றால் அல்லாஹ் நாடினால். கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டு, கொஞ்சம் இழுத்து ‘இன்ஷா அல்லாஹ்...’ என்று பதில் வந்தால் அந்தத் தலைக்குச் சாப்பாடு சொல்லாதீர்கள். ‘மாஷா அல்லாஹ்’ கண்ணேறு படாமல் இருக்கச் சொல்வது, பிள்ளையைப் பாராட்டிவிட்டு இதைச் சொல்ல மறந்தால் ராத்தா (அக்கா) முகம் மாறிவிடும்.

நாகூர் பக்கம் இந்துக்களே ‘நாகூர் ஆண்டவரே’ என்பார்கள். தர்காவின் பெரிய மினாரைக் கட்டியதே தஞ்சாவூர் மராத்திய ராஜா பிரதாப் சிங்தானே, கூப்பிடுவதில் என்ன.

பதில்: தெற்குச்சித்திரை

பாவமா புண்ணியமா என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்துப் பதிலையும் வைத்துவிடுகிறேன். நான் ஸ்ரீரங்கம்.

அங்கே வீணாகச் சொல்லாதே என்பது கட்டளை. இங்கே வீணாகவாவது சொல்லித் தொலை என்பதுதான் கட்டளை! பாகவதத்தில் அஜாமிளன் கதை இருக்கிறது, ஆறாவது ஸ்கந்தம். செய்யாத அக்கிரமம் இல்லை, சாகிற நேரத்தில் எமதூதர்களைப் பார்த்துப் பயந்து கடைசிப் பிள்ளையைக் கூப்பிடுகிறான், பிள்ளை பெயர் நாராயணன். அவன் பெருமாளை நினைக்கவே இல்லை, பிள்ளையைத்தான் நினைத்தான். ஆனாலும் பெயர் சொன்னான் இல்லையா, விஷ்ணுதூதர்கள் வந்து காப்பாற்றிவிடுகிறார்கள். இதைக் கேட்டு வளர்ந்த சனம் என்ன செய்யும்? எதற்கெடுத்தாலும் பெயரைச் சொல்லிவைக்கும், எப்போது எந்த மூச்சு கடைசி என்று யாருக்குத் தெரியும். கொட்டாவி விட்டால் வாய்க்கு முன்னால் விரலைச் சொடுக்கி ‘கிருஷ்ணா கிருஷ்ணா’, உட்கார்ந்தால் ‘ரங்கா’, எழுந்தால் ‘அப்பா பெருமாளே’. உங்கள் அம்மாச்சியின் சிவ சிவா இதே ஜாதிதான்.

பெரியாழ்வார் இன்னும் ஒரு படி மேலே போய் பிள்ளைகளுக்கே அந்தப் பெயரை வையுங்கள் என்று ஒரு பதிகம் பாடிவிட்டார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுக் கண்டவர் பெயரை வைக்காதீர்கள், நாரணன் என்று வையுங்கள், ‘நாரணன் தம் அன்னை நரகம் புகாள்’ என்கிறார். பிள்ளையைத் திட்டினாலும் புண்ணியம். எங்கள் தெருவில் ‘டேய் கோவிந்தா, தறுதலை, எங்கடா போன’ என்று நாள் முழுக்க நாம சங்கீர்த்தனம் நடக்கும்.

ஆக நாகர்கோவில் அக்காவும் அம்மாச்சியும் ஒரே விஷயத்தை நம்புகிறார்கள், பெயருக்குச் சக்தி இருக்கிறது என்று. ஒருத்தர் அதனால் பூட்டிவைக்கிறார், ஒருத்தர் அதனால் அள்ளிவிடுகிறார். நீங்கள் மேசையில் இடித்துக்கொண்டு சொல்கிற முருகா எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டால், அஜாமிளன் கணக்கில்தான். கறுப்புச் சட்டைத் தாத்தாவுக்கும் சேர்த்து.

பதில்: கரிசல்மண்

@தெற்குச்சித்திரை தாத்தா இருந்திருந்தால் உங்களோடு ஒரு சண்டை நிச்சயம். கட்டில் கால் சுவாமி, மேசை இல்லை :)

பதில்: வடமராட்சியான்

எங்கட பக்கத்தையும் எழுதினால்தான் கணக்குச் சரிவரும். யாழ்ப்பாணத்தில் வயது போனவர்களிடம் அதிகம் கேட்பது ‘என்ர கடவுளே’, ‘முருகா’, ‘நல்லூர்க் கந்தா’. ஆனால் உண்மையில் எரிச்சல் வரும்போது சாமியைக் கூப்பிடுவதில்லை, ‘அட கோதாரி’ என்போம். ‘கோதாரி விழுவான்’, ‘என்ன கோதாரிக்கு இஞ்ச வந்தனீ’. கோதாரி என்றால் வாந்திபேதி, கொலரா. ஊர் ஊராகச் சனத்தை வாரிக்கொண்டு போன நோய். நோய் போய்விட்டது, திட்டு நிற்கிறது. இப்போது லண்டனில் பிறந்த பிள்ளைகளும் போன் சார்ஜ் இறங்கினால் ‘கோதாரி’ என்கிறார்கள், கொலராவை வாழ்க்கையில் கண்டிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் ‘பேதியில போக’ என்பது இதே ரகம் என்று நினைக்கிறேன்.

‘அரோகரா’வும் எங்களிடம் இரண்டு மாதிரி ஓடும். காவடிக்குப் பின்னால் ‘அரோகரா’, ஹர ஹர என்பதுதான் அப்படி உருண்டு வந்தது. கதிர்காமத்தில் சிங்களச் சனமும் ‘ஹரோ ஹரா’ என்றுதான் சொல்லிக்கொண்டு போகும். அதே ஆட்கள் கடை நட்டப்பட்டால் ‘எல்லாம் அரோகரா’ என்பார்கள். செஞ்சிக்காரர் கோவிந்தாவுக்குச் சொன்ன விளக்கத்தை அப்படியே இதற்கும் போடலாம், கோஷம் வந்தால் ஊர்வலம் முடியப்போகிறது என்று அர்த்தம். ஐயோ சிங்களத்திலும் ஐயோதான். அதில் மட்டும் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். ‘சனியன்’, ‘மூதேவி’ இரண்டும் சாமிப் பெயர்தானே? கூப்பிடுவதற்கு முருகன், திட்டுவதற்கு சனீஸ்வரன். இது என்ன நியாயம்?

பதில்: ஓலைச்சுவடி

@வடமராட்சியான் சனியில் வியப்பில்லை, சனிக்கிழமை எள்விளக்கு ஏற்றுகிற ஊர், பயப்படுகிற சாமியைத் திட்டாகவும் வைத்துக்கொள்ளும். மூதேவி கதைதான் வேறு மாதிரி. அவள் லட்சுமிக்கு அக்காள், மூத்த தேவி. சேட்டை, தவ்வை என்றும் சொல்வார்கள், காக்கைக் கொடி, கையில் துடைப்பம். ஒரு காலத்தில் கோயிலில் உட்கார்த்திவைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள், காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் பல்லவர் காலத்துச் சிற்பத்தைப் பார்க்கலாம். ஆனால் கௌரவம் அப்போதே கலவையாகத்தான் இருந்தது. பொறாமைக்காரனை லட்சுமி தன் அக்காளிடம் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று குறள் சொல்கிறது, தொண்டரடிப்பொடியாழ்வார் சேட்டை மடியில் செல்வம் தேடுகிறீர்களே என்று கேலி செய்கிறார். அப்புறம் வழிபாடு மெல்ல நின்றது, பெயர் மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது. விடிந்தும் எழுந்திரிக்காத பிள்ளையை எழுப்ப.

பதில்: வெட்டிப்பேச்சு

தும்மலை யாரும் தொடவில்லையே. எங்கள் வீட்டில் தும்மினால் ‘நூறு’ என்பார்கள். அடுத்த தும்மலுக்கு ‘இருநூறு’. அதற்கும் மேலே போனால் ‘ஆவி பிடி போ’.

பதில்: காயல்காற்று

எங்களில் தும்மியவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ (புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே) சொல்ல வேண்டும், கேட்டவர் ‘யர்ஹமுகல்லாஹ்’ (அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும்) என்று துஆ செய்ய வேண்டும். தும்மியவர் சொல்லாவிட்டால் நமக்கும் கடமை இல்லை, அதனால் குழந்தைகள் மூக்கைச் சுருக்கிய உடனே எல்லோரும் அதன் வாயையே பார்ப்போம்.

பதில்: ஓலைச்சுவடி

‘நூறு’ என்பது ஆயுசு நூறு. தும்மினால் வாழ்த்துவது திருவள்ளுவர் வீட்டுக்கே பழைய பழக்கம், குறள் 1317 பாருங்கள். அவன் தும்முகிறான், அவள் வழக்கப்படி வாழ்த்திவிடுகிறாள், அடுத்த நிமிஷமே யாரோ நினைத்தால்தானே தும்மல் வரும், எவள் நினைத்துத் தும்மினாய் என்று வாழ்த்தை ரத்து செய்துவிட்டு அழுகிறாள். அதற்கடுத்த குறளில் அவன் உஷாராகித் தும்மலை அடக்கிக்கொள்கிறான். அதற்கும் மாட்டிக்கொள்கிறான், யார் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாய் என்று.

பதில்: வெட்டிப்பேச்சு

முருகா!